சப்பாத்திக் கள்ளியை வென்ற சிறு பூச்சி

உங்கள் வீட்டில் எண்பது வயதைக் கடந்த பெரியவர் யாரேனும் இருந்தால், "நாகதாளிக் காடு" பற்றி அவருடைய அப்பாவோ தாத்தாவோ என்ன சொன்னார்கள் என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். நாகதாளி என்றால் சப்பாத்திக் கள்ளி. இன்று பெண்ணாடத்திலிருந்து விருத்தாசலம் வரை இரயிலில் போகும்போது சன்னலோரம் அமர்ந்து பார்த்தாலும், அது ஏதோ ஒரு வரப்பு மூலையில், பாழடைந்த ஒரு சுவரோரத்தில், புதர் புதராகத்தான் கண்ணில் படும். சீமைக் கருவேலம்தான் எங்கும் நிறைந்திருக்கும். ஆனால் நூறாண்டுகளுக்கு முன் தமிழகத்தின் வறண்ட பகுதிகளில் நிலைமை வேறு. மேய்ச்சல் நிலம், தரிசு, பாதையோரம் என்று எங்கும் ஆளுயரக் கள்ளி மண்டிக் கிடந்தது. உள்ளே ஆடு போனாலும் முள்ளோடுதான் திரும்பும். பாம்புக்கும் கீரிக்கும் அது கோட்டை. வெட்டிப் போட்டாலோ, வெட்டிய ஒவ்வொரு துண்டும் விழுந்த இடத்திலேயே வேர் விட்டு ஒரு புதுச் செடியாகும்.

அத்தனை கள்ளியும் எங்கே போயிற்று? அரிவாளா, தீயா, மருந்தா அதை அழித்தது? எதுவும் இல்லை. மிளகை விடச் சிறிய ஒரு பூச்சி அழித்தது. அந்தப் பூச்சி நம் நாட்டுக்கு இரு முறை வந்தது. முதல் முறை வேறு எதற்கோ வந்து, யாரும் கேட்காத வேலையைச் செய்தது. இரண்டாம் முறை அந்த வேலைக்காகவே அழைத்து வரப்பட்டது. இவ்விரு வருகைகளுக்கும் இடையே கழிந்த ஏறத்தாழ 130 ஆண்டுகளில் மனிதன் கற்றுக்கொண்ட பாடம்தான் இக்கட்டுரை.

சிவப்பின் மேல் ஆசை

கள்ளி நம் நாட்டுச் செடி அன்று. ஒபன்ஷியா எனப்படும் சப்பாத்திக் கள்ளி இனங்கள் அனைத்துக்கும் தாயகம் அமெரிக்கக் கண்டங்களே. மெக்சிகோ நாட்டு மக்கள் இக்கள்ளியின் மேல் ஒரு செதிற்பூச்சியை வளர்த்தார்கள். பெண் பூச்சியைச் சேகரித்து உலர்த்திப் பொடி செய்தால் அருமையான சிவப்புச் சாயம் கிடைக்கும். இதற்குக் கொச்சினீல் என்று பெயர். ஒரு பவுண்டு சாயத்துக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும் என்பார்கள். செயற்கைச் சாயங்கள் தோன்றாத அக்காலத்தில் ஐரோப்பாவில் இதற்கு இருந்த விலை கொஞ்சமல்ல. ஆங்கிலேயப் படை அதிகாரிகளின் சிவப்புக் கோட்டு இச்சாயத்தால்தான் பளபளத்தது. ஆனால் வணிகம் முழுவதும் ஸ்பெயின் நாட்டின் கையில் இருந்தது.

இந்தச் சாயத்தை இந்தியாவிலேயே உண்டாக்கிவிட வேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனி விரும்பியது. அவ்விருப்பத்துக்கு உயிர் கொடுத்தவர் சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன். 1786-இல் அவர் சென்னைக்கு அருகே ஒரு புல்லின் மேல் கொச்சினீல் போன்ற ஒரு பூச்சியைக் கண்டார், லண்டனுக்கு எழுதினார். சோதித்ததில் அது வேறு பூச்சி என்று தெரிந்தது. ஆண்டர்சன் சோர்ந்துவிடவில்லை. 'உண்மையான பூச்சி என்றாவது வரும். வரும்போது அதற்கு உணவு தயாராக இருக்க வேண்டும்' என்று சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டமே போட்டார். பல நாடுகளிலிருந்தும் கள்ளி வகைகள் அங்கே வந்து சேர்ந்தன.

இங்கே சற்று நில்லுங்கள். ஒரு செடியை அயல்நாட்டிலிருந்து கொண்டுவந்து நடும்போது, அது வேலி தாண்டிப் போனால் என்ன ஆகும் என்று அந்நாளில் எவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியே அப்போது பிறக்கவில்லை. சீமைக் கருவேலமும் உண்ணிச்செடியும் ஆகாயத்தாமரையும் நம் நாட்டுக்குள் நுழைந்தது இப்படித்தான். அழகுக்காகவோ விறகுக்காகவோ யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் கொண்டு வந்தார்.

1795: தவறி வந்த பூச்சி

1795-இல் நீல்சன் என்னும் படைத் தலைவர் பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோவிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சி ஒட்டிய கள்ளி மடல்களைக் கொண்டு வந்தார். நீண்ட கடற்பயணத்தில் பெரும்பாலான பூச்சிகள் இறந்து போயின. பிழைத்தவற்றைக் கல்கத்தா தாவரத் தோட்டத்தில் விட்டார்கள். அவை பெருகின. விரைவில் சென்னைக்கும் வந்தன. கம்பெனி மகிழ்ந்தது.

ஆனால் சாயம் மட்டமாக இருந்தது. காரணம், வந்தது மெக்சிகோ மக்கள் வளர்த்த உயர்ந்த இனம் அன்று. தென் அமெரிக்காவின் காட்டு இனம் ஒன்று. பிற்காலத்தில், 1896-இல், இலங்கையில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு இதற்குப் பெயர் வைத்தார்கள். ஆகவே டாக்டிலோபியஸ் செய்லோனிகஸ், அதாவது 'இலங்கைக்கு உரியது' என்று பெயர் அமைந்தது. பூச்சிக்கோ இலங்கை தாய்நாடே அன்று! பெயரை மட்டும் நம்பி ஊரைத் தீர்மானிக்கக் கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

சாய வணிகம் படுத்தது. சைதாப்பேட்டைத் தோட்டமும் 1800-ஐ ஒட்டி மூடப்பட்டது. ஆனால் பூச்சி தன் வேலையை நிறுத்தவில்லை. அது தங்கிய இடங்களில் கள்ளி வாடியது. மடல்கள் மஞ்சளாகி உதிர்ந்தன. புதர் புதராகச் செடி மடிந்தது. சாயத்துக்காக வந்த பூச்சி, சாயத்தைத் தராமல் கள்ளியைத் தின்று தீர்த்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதைக் கவனித்தவர்கள் பூச்சியை வட இந்தியாவிலிருந்து தென்னிந்தியாவுக்கும், 1865-ஐ ஒட்டி இலங்கைக்கும், கள்ளியை அழிப்பதற்கென்றே கொண்டு சென்றார்கள். ஒரு களைச் செடியை ஒழிக்கப் பூச்சியை வேண்டுமென்றே ஏவியது உலகிலேயே அதுதான் முதல் தடவை என்று நூல்கள் கூறுகின்றன. 'உயிரியல் கட்டுப்பாடு' என்று நாம் இன்று பாடநூலில் படிக்கும் முறையின் தொட்டில் நம் மண்தான் என்பது பெருமைக்குரிய செய்தியல்லவா?

மனிதருக்கு ஒன்று, பூச்சிக்கு இரண்டு

அப்படியானால் அப்போதே கள்ளி ஒழிந்திருக்க வேண்டுமே? இல்லை. கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

நம் மக்களுக்குச் சப்பாத்திக் கள்ளி என்றால் ஒன்றுதான். தாவரவியல் அறிஞர்க்கோ அதில் பல இனங்கள். ஒபன்ஷியா மோனகாந்தா என்பது மெல்லிய, பளபளப்பான பச்சை மடல் உடையது; ஒரு கண்ணில் ஒன்றிரண்டு முட்களே இருக்கும். ஒபன்ஷியா டில்லெனியை என்பது தடித்த, சாம்பல் கலந்த பச்சை மடல் உடையது. கண்ணுக்குக் கண் மஞ்சள் நிற முட்கள் கொத்தாக நிற்கும். ஊதா கலந்த சிவப்பில் பழம் பழுக்கும். நட்சத்திர முள்ளை எடுத்துவிட்டு நாக்குச் சிவக்கச் சிவக்கச் சிறுவர்கள் தின்னும் பழம் இதுதான்.

1795-இல் வந்த பூச்சி முதல் வகையை மட்டுமே தின்றது. இரண்டாம் வகையின் மேல் விட்டால் பட்டினி கிடந்து செத்தது; தின்னவில்லை. இதன் விளைவு என்ன? மெல்லிய மடல் கள்ளி குறைந்துபோக, தடித்த மடல் கள்ளி எதிரியில்லாமல் பரவிற்று. சென்னை மாகாணத்தின் தென் மாவட்டங்களில் பெருந்தொல்லையாக நின்றது இதுவே. பூச்சியைக் கொண்டுவந்து விட்டுப் பலன் காணாமல், 'இம்முறை பயனற்றது' என்று கைவிட்டிருந்தால் அதில் வியப்பில்லை. தவறு முறையில் இல்லை. இனத்தைப் பிரித்தறிவதில் இருந்தது.

இதே வேளையில் உலகின் மறுகோடியில் ஆஸ்திரேலியா கள்ளியால் தவித்துக்கொண்டிருந்தது. அங்கே பல கோடி ஏக்கர் நிலம் கள்ளியில் மூழ்கிக்கொண்டிருந்தது. குயின்ஸ்லாந்து அரசு டிரையன், ஜான்ஸ்டன் என்னும் இரு அறிஞர்களை 1912 முதல் 1914 வரை உலகைச் சுற்றி வரச் செய்தது. கள்ளியின் பகைவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று தேடுவதே அவர்கள் வேலை. அவர்கள் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்து செய்லோனிகஸ் பூச்சியைக் கொண்டு போனார்கள். அங்கும் அது மோனகாந்தா இனத்தை அழித்தது. மற்ற இனங்களைத் தொடவில்லை. ஆகவே ஒவ்வொரு கள்ளிக்கும் உரிய பூச்சியைத் தனித்தனியே தேட வேண்டும் என்பது உறுதியாயிற்று. தேடினார்கள். வட அமெரிக்காவிலிருந்து வேறொரு கொச்சினீல் இனம் கிடைத்தது. அதுதான் டாக்டிலோபியஸ் ஒபன்ஷியே. 1925-இல் அர்ஜென்டினாவிலிருந்து காக்டோபிளாஸ்டிஸ் என்னும் அந்துப்பூச்சியும் வந்தது. பத்தாண்டுகளுக்குள் ஆஸ்திரேலியாவின் கள்ளிக்காடு பெரும்பாலும் சரிந்து விழுந்தது.

1926: திருநெல்வேலியில்

ஆஸ்திரேலியாவிலிருந்து ஒபன்ஷியே பூச்சி இலங்கைக்கு வந்தது. இலங்கையிலிருந்து 1926-இல் திருநெல்வேலிப் பகுதிக்கு வந்தது. தடித்த மடல் கள்ளியில் விட்டார்கள். இம்முறை பூச்சி தின்றது.

இப்பூச்சியின் வாழ்க்கையைச் சிறிது தெரிந்துகொண்டால்தான் அந்த வேலையின் தன்மை புரியும். பெண் பூச்சிக்கு இறக்கை இல்லை. மடலில் வாயூசியைச் செருகிச் சாறு உறிஞ்சத் தொடங்கினால் பிறகு இடம் விட்டு நகராது. உடம்பைச் சுற்றி வெண்பஞ்சு போன்ற மெழுகைச் சுரந்து மூடிக்கொள்ளும். அதை நசுக்கினால் இரத்தம் போல் சிவப்புச் சாறு வரும். முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழுக்கள் மட்டுமே நகரக்கூடியவை. அவை மடலின் நுனிக்கு ஏறிக் காற்றில் மிதந்து அடுத்த செடிக்குப் போகும். காற்று எத்திசையோ அத்திசையில்தான் பயணம்.

எனவே பூச்சி தானாகவே நாடு முழுதும் பரவட்டும் என்று காத்திருக்க முடியாது. பூச்சி பிடித்த மடல்களை வெட்டி, பூச்சி இல்லாத புதருக்குக் கொண்டுபோய்ச் செருக வேண்டும். சில வாரம் கழித்து வந்து பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிடிக்காவிட்டால் மீண்டும் செருக வேண்டும். பிடித்தபின் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போடுவோம். கணக்குக்காக, ஒரு பெண் பூச்சியின் சந்ததியில் பத்துப் பெண்கள் மட்டும் பிழைப்பதாகக் கொள்வோம். இரண்டாம் தலைமுறையில் 100. நான்காம் தலைமுறையில் 10,000. ஆறாம் தலைமுறையில் பத்து இலட்சம். இயற்பியலில் அணுப்பிளவின் தொடர்வினையைப் படிக்கிறீர்களே, அதே வளர்ச்சி விதிதான் இங்கும். எரிபொருள் உள்ளவரை வினை தொடரும். கள்ளி தீரத் தீரப் பூச்சியும் தானே குறையும். அதனால்தான் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கள்ளியும் பூச்சியும் இன்றளவும் சேர்ந்தே எஞ்சி நிற்கின்றன.

சில ஆண்டுகளிலேயே தென்னிந்தியாவில் ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் நிலம் கள்ளியிலிருந்து மீண்டது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்நாளில் கோயம்புத்தூரில் பணியாற்றிய பூச்சியியல் அறிஞர் டி. வி. ராமகிருஷ்ண ஐயர், தென்னிந்தியக் கள்ளிகளின் மேல் வாழும் இச்செதிற்பூச்சிகளைப் பற்றி 1931-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அந்நாளைய ஏடுகளில் இப்பூச்சிக்கு டொமென்டோசஸ் என்ற பெயரே வழங்கியது. அது வேறு இனம் என்று பெயர் திருத்தப்பட்டது பல ஆண்டுகள் கழித்துத்தான். பெயர் தவறினாலும் பூச்சி சரியானதாய் இருந்தது நம் நல்ல காலம்!

ஒன்றும் கிடைக்காத ஆராய்ச்சியின் பயன்

வெற்றிக் கதையை மட்டும் சொல்லி முடித்தால் அறிவியலின் பாதியைத்தான் சொன்னதாகும். கள்ளிக்கு அடுத்த தொல்லை உண்ணிச்செடி. 1809-ஐ ஒட்டிக் கல்கத்தா தாவரத் தோட்டத்துக்கு அழகுச் செடியாக வந்து, காடு காடாகப் பரவியது. இதைத் தின்னும் பூச்சி இந்தியாவிலேயே ஏதேனும் உண்டா என்று கண்டறியும் பணி 1916-இல் ஒய். ராமச்சந்திர ராவ் என்னும் பூச்சியியலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1919 வரை அவர் இந்தியாவிலும் பர்மாவிலும் ஊர் ஊராகச் சென்று, உண்ணிச்செடியின் வேர், தண்டு, இலை, பூ, காய் என்று ஒவ்வொன்றையும் பார்த்து, 150-ஐ ஒட்டிய பூச்சி இனங்களைப் பட்டியலிட்டார். 1920-இல் அறிக்கை வெளிவந்தது. முடிவு: இவற்றில் எதுவும் உண்ணிச்செடியை அடக்கும் வலிமை உடையது அன்று.

மூன்றாண்டு உழைப்பு வீணா? இயற்பியல் மாணவர்களுக்கு 1887-இல் மைக்கல்சனும் மார்லியும் செய்த சோதனை தெரிந்திருக்கும். ஈதரின் வழியே பூமி செல்வதால் ஒளியின் வேகத்தில் வேறுபாடு தோன்றும் என்று எதிர்பார்த்தார்கள், தோன்றவில்லை. அந்த 'இல்லை'தான் இயற்பியலைப் புதிய பாதைக்குத் திருப்பிற்று. ராமச்சந்திர ராவின் 'இல்லை'யும் அத்தகையதே. உள்நாட்டில் தேடிக் காலம் கழிக்க வேண்டாம், வெளியில் தேடுங்கள் என்று அது வழி காட்டியது. அவர் பிற்காலத்தில் பாலைவன வெட்டுக்கிளி ஆராய்ச்சியில் பெரும் பெயர் பெற்றார்.

வெளியில் தேடியதிலும் ஓர் எச்சரிக்கை கிடைத்தது. 1941-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து டெலியோனீமியா என்னும் சிறு பூச்சி உண்ணிச்செடிக்காக வந்தது. அடைத்து வைத்துச் சோதித்தபோது அது தேக்கின் பூவையும் தின்னக்கூடும் என்று தெரிந்தது. தேக்கு எவ்வளவு விலையுயர்ந்த மரம்! உடனே வளர்த்த பூச்சிகள் அனைத்தையும் 1943-இல் அழித்துவிட்டார்கள். ஆனால் 1951-இல் டேராடூனைச் சுற்றிய வெளிப்புறச் செடிகளில் அதே பூச்சி வாழ்ந்துகொண்டிருந்தது. ஏதோ ஒரு வழியில் தப்பியிருக்கிறது. நல்ல வேளையாகத் தேக்குக்குப் பெருங்கேடு ஒன்றும் விளையவில்லை, உண்ணிச்செடியும் ஒழியவில்லை.

இன்னொரு செய்தியும் கேளுங்கள். திருநெல்வேலியில் நமக்கு நண்பனாய் வந்த ஒபன்ஷியே பூச்சி, 2014-இல் மொராக்கோ நாட்டில் காணப்பட்டது. அங்கே கள்ளி களை அன்று. பழத்துக்கும் தீவனத்துக்கும் உழவர் பயிரிடும் செடி. சில ஆண்டுகளில் அவர்களுடைய தோட்டங்கள் அழிந்தன. பூச்சி அதேதான், கள்ளியும் அந்தக் குடும்பம்தான். இங்கே வரம், அங்கே சாபம். ஆகவே பூச்சியை 'நல்லது' 'கெட்டது' என்று பிரிப்பதில் பொருளில்லை. எந்த இடத்தில், எந்தச் செடியின் மேல், எவ்வளவு என்பதுதான் கேள்வி.

இன்றைய காவலர்கள்

அந்தக் கேள்விக்கு விடை காண்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கோயம்புத்தூரிலுள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் போன்ற இடங்களில், தாவரவியலோ விலங்கியலோ வனவியலோ படித்து முடித்த இளைஞர்கள் திட்ட உதவியாளர்களாகவும் இளநிலை ஆராய்ச்சியாளர்களாகவும் சேர்கிறார்கள். அவர்களுடைய வேலையைக் கேட்டால் மிகச் சாதாரணமாகத் தோன்றும். காட்டிலோ தோப்பிலோ பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் என்று ஒரு சதுரம் அளந்து கயிறு கட்டுவது. உள்ளே உள்ள ஒவ்வொரு செடியையும் எண்ணுவது. இலையில் துளை, தண்டில் பிசின், கிளையில் கரணை இருக்கிறதா என்று பார்ப்பது. பூச்சியைச் சாராயத்திலும் நோயுற்ற இலையைக் காகித உறையிலும் இட்டு, நாள், இடம், செடியின் பெயர் மூன்றையும் எழுதுவது. அடுத்த மாதம் அதே சதுரத்துக்கு மீண்டும் போவது. அவ்வளவுதான்.

இந்த எளிய வேலையின் அருமை எப்போது தெரியும்? 2008-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் கண்டறியப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் வெண்பஞ்சு பூத்து மடிந்தன. அது எந்த இனம் என்று சரியாகப் பெயரிட்டதால்தான், அதற்கென்றே உரிய ஒட்டுண்ணிக் குளவியைப் போர்ட்டோரிக்கோவிலிருந்து வரவழைத்து, சோதித்து, 2010-இல் வயல்களில் விட முடிந்தது. பூச்சி அடங்கியது. 1795-இல் இனம் தெரியாமல் வந்த பூச்சியையும், 2010-இல் இனமறிந்து அழைத்து வந்த குளவியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அறிவியல் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பது விளங்கும்.

ஆனால் நடக்க வேண்டிய தூரம் இன்னும் மிகுதி. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் மஞ்சட்பூப் பூக்கும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் மரம் பரவி, மான் மேயும் புல்லையும் முளைக்கும் கன்றையும் நிழலில் அமுக்குகிறது. அயல் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்பதற்கென்று தமிழ்நாடு அரசு 2022-இல் ஒரு கொள்கையை வெளியிட்டது. அகற்றுவது ஒரு நாள் வேலை; அகற்றிய இடத்தில் மறுபடி முளைக்கிறதா என்று ஆண்டுதோறும் பார்ப்பதுதான் பெரிய வேலை. அதற்குக் கண்கள் வேண்டும்.

அந்தக் கண்கள் உங்களுடையவையாகவும் இருக்கலாம். நீங்கள் வெள்ளாற்றங்கரையிலோ, முந்திரித் தோப்புக்கும் தைல மரத் தோப்புக்கும் நடுவிலோ வாழ்பவராயின், கீழ்க்கண்டதை முயன்று பாருங்கள். ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கயிற்றால் ஒரு சதுரம் அளந்துகொள்ளுங்கள். மாதம் ஒரு முறை, அதே தேதியில், அங்குள்ள செடிகளை எண்ணி ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். பெயர் தெரியாத செடிக்கும் பூச்சிக்கும் ஓர் எண் கொடுத்துப் படம் வரைந்துகொண்டு, அருகிலுள்ள கல்லூரியில் தாவரவியல், விலங்கியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். எதையும் பிடுங்கி வேறு ஊருக்குக் கொண்டுபோக மட்டும் வேண்டாம்; அதன் விளைவு என்ன என்பதை இத்தனை நேரம் பார்த்தோம்.

பன்னிரண்டு மாதம் கழித்து உங்கள் குறிப்பேட்டில் புதிதாக ஒன்றும் இல்லாமலிருக்கலாம். அப்போது ராமச்சந்திர ராவை நினைத்துக்கொள்ளுங்கள். அல்லது, சென்ற மாதம் இல்லாத ஒரு செடி, ஒரு வெண்பஞ்சுப் புள்ளி, இந்த மாதம் இருக்கலாம். அப்போது தேதியைத் தெளிவாக எழுதுங்கள். நாகதாளியைத் தின்ற பூச்சியைத் திருநெல்வேலியில் புதருக்குப் புதர் தூக்கிச் சென்று செருகிய கைகளின் பெயர்கள் நூல்களில் இல்லை. ஆனால் அக்கைகள் மீட்ட நிலம் இன்னும் நம் காலடியில் இருக்கிறது.